நாய்களோடு அண்ணன் வீட்டுக்கு: ஆர்வியா, காரா, போர்டிங்கா?

அக்டோபர் பிறந்தாலே அமெரிக்காவில் நாய் வளர்க்கும் நம் வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். கொலுவுக்கு அக்கா கூப்பிட்டிருப்பாள். நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங்; லீவு கிடைக்கிறதே என்று அண்ணன் வீட்டில் மொத்தக் குடும்பமும் கூடும். போகாமல் இருக்க முடியாது. நாய்களை என்ன செய்வது? "பேசாமல் ஒரு ஆர்வி எடுத்துக்கொண்டு போய்விடலாமே, வழியில் மரமெல்லாம் சிவந்திருப்பதைப் பார்த்த மாதிரியும் இருக்கும்" என்று வீட்டில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். ஆர்வி என்றால் படுக்கை, பாத்ரூமோடு வரும் வீட்டு வண்டி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்வி எடுப்பதா வேண்டாமா என்பதை வழியை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். போய் இறங்கப்போகும் வீட்டை வைத்துத் தீர்மானியுங்கள். வழி என்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அந்த வீட்டில் நாய்களோடு இருக்கப்போவது நான்கைந்து நாள். சிக்கல் எல்லாம் அங்கேதான் வரும்.

பேச்சுக்கு ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். வட கரோலினாவின் ஷார்லட்டிலிருந்து நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம், ஒரு வழிக்குச் சுமார் 600 மைல். கணவன், மனைவி, இரண்டு நாய்கள். இரண்டும் 50 பவுண்டைத் தாண்டியவை.

விமானம், ரயில், பஸ் மூன்றையும் சட்டென்று தள்ளிவிடலாம். விமானத்தில் முன் சீட்டுக்கு அடியில் நுழையும் பையில் அடங்குகிற குட்டி நாய்க்குத்தான் பயணிகளோடு இடம். ஆம்ட்ராக்கில் கூடையோடு சேர்த்து 20 பவுண்டு வரைதான், அதுவும் 7 மணி நேரத்துக்குள் முடிகிற பயணத்துக்கு. கிரேஹவுண்ட் பஸ்ஸில் சர்வீஸ் நாய்களை, அதாவது உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவப் பழக்கிய நாய்களை, தவிர வேறு நாய்க்கு அனுமதியே இல்லை. மனத்துணை (எமோஷனல் சப்போர்ட்) நாய் என்று கடிதம் வாங்கி விமானத்தில் ஏற்றும் வழியும் 2021 ஜனவரியோடு அடைபட்டுவிட்டது. அப்படிப்பட்ட நாய்களைச் சாதாரண செல்லப்பிராணியாகவே நடத்தலாம் என்று விதி மாறிவிட்டது. ஆக, பெரிய நாய் என்றால் சாலைதான். இல்லையென்றால் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

விட்டுவிட்டுப் போவதைப் பலர் குற்றவுணர்ச்சியிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியில்லை. மூன்று நாள் பயணம், போகிற வீட்டில் நாயைக் கண்டால் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் நாய்க்கும் நல்லது, உறவுக்கும் நல்லது, போர்டிங்தான், அதாவது பணம் கட்டி நாயை விட்டுவிட்டுப் போகும் நாய் விடுதி. ரேபிஸ், டிஸ்டெம்பர் கூட்டுத் தடுப்பூசி, கென்னல் காஃப் எனப்படும் இருமலுக்கான போர்டெடெல்லா ஆகியவற்றுக்குச் சான்று கேட்பார்கள். போர்டெடெல்லாவைக் கிளம்பும் முந்தின நாள் போட்டுக்கொண்டு போனால் பயனில்லை. ஒரு வாரமாவது முன்னால் முடித்திருக்க வேண்டும். தேங்க்ஸ்கிவிங் வாரத்துக்கு இடம் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். வயதான நாய், மருந்து சாப்பிடுகிற நாய், கூண்டில் விட்டால் சாப்பாட்டையே தொடாத நாய் என்றால், தெரிந்த ஒருவரை உங்கள் வீட்டிலேயே வந்து தங்கச் சொல்வது இன்னும் நல்லது. நாய்க்குப் பயணம் என்றால் கொள்ளை ஆசை என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். பல நாய்களுக்கு ஆசை ஜன்னல் மேல்தான். 600 மைல் மேல் இல்லை.

காரும் மோட்டலும்

சொந்தக் கார் இருக்கும்போது இதுதான் மலிவு. விடியற்காலையில் கிளம்பினால், நாய்களை இறக்கி நடக்கவிட்டு, சாப்பிட்டு, இரவுக்குள் போய்விடலாம். முடியாதவர்கள் நடுவழியில் ஒரு மோட்டலில் தங்கலாம். மோட்டல் 6, ரெட் ரூஃப், லா கின்டா போன்ற இடங்களில் பல கிளைகள் நாய்களை ஏற்கின்றன. ஆனால் கட்டணமும் எத்தனை நாய் என்ற வரம்பும் கிளைக்குக் கிளை மாறும். இணையத்தில் பார்த்ததோடு விடாமல் அந்தக் கிளைக்கே போன் போட்டு "இரண்டு பெரிய நாய்கள்" என்று சொல்லிக் கேட்டுவிடுவது உத்தமம்.

சிக்கல் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான். அண்ணன் வீட்டில் இடமில்லை, பக்கத்தில் மோட்டல் எடுத்துக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாயை அறையில் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது பெரும்பாலான மோட்டல்களின் விதி. விட்டாலும் புது இடத்தில் அது குரைத்துத் தீர்க்கும், முன்மேசையிலிருந்து போன் வரும். ஆக, பகல் முழுக்க நாய்கள் அண்ணன் வீட்டில்தான் இருந்தாக வேண்டும். மோட்டலுக்குப் பணம் கொடுத்தும் பகல் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

அந்தப் பகலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அண்ணியின் அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், சோபாவில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, "அது ஒண்ணும் பண்ணாதுல்ல?" என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்கிறார். பூஜை அறைக்குக் கதவு கிடையாது, வரவேற்பறையில் ஒரு மூலைதான். வாசல் கதவை யாராவது திறந்துகொண்டே இருக்கிறார்கள். கொலு சமயமென்றால், கீழ்ப் படியில் இருக்கும் செட்டியார் பொம்மையும் நாயின் வாலும் ஒரே உயரம். "காரேஜில் கட்டிப் போடு" என்று அண்ணன் சொல்வான். நவம்பர் இரவில் காரேஜ் குளிரும், கட்டிய நாய் அழும். "கொஞ்ச நேரம் காரில் விடேன், வெயிலா அடிக்குது?" என்பார் இன்னொருவர். வெளியே 21 டிகிரி செல்சியஸ், அதாவது 70 ஃபாரன்ஹீட் இருக்கும் இதமான நாளில்கூட, மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 40 டிகிரி ஆகிவிடும். வெயில் அடிக்கும் அக்டோபர் மத்தியானத்தில் இது நடக்கும்.

உங்கள் அண்ணன் வீட்டில் வேலி போட்ட கொல்லை இருந்து, எல்லாரும் நாயோடு பழகியவர்கள் என்றால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. காரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆர்விக்குச் செலவழிக்கத் தேவையே இல்லை.

ஆர்வி எதற்கு ஈடு கொடுக்கிறது

ஆர்வியின் மதிப்பு, அது டிரைவ்வேயில், அதாவது வீட்டு வாசலில் வண்டி நிறுத்தும் பாதையில், நிற்கும்போதுதான் தெரியும். வீட்டுக்குள் 15 பேர், டிவியில் ஃபுட்பால், குழந்தைகள் ஓட்டம். நாய் காதை மடக்கிக்கொண்டு கொட்டாவி விட ஆரம்பிக்கிறது. தூக்கக் கொட்டாவி இல்லை அது, பதற்றக் கொட்டாவி. சத்தமில்லாமல் அதை அழைத்துக்கொண்டு பத்தடி நடந்தால் அதன் சொந்தப் போர்வை, சொந்தத் தண்ணீர்க் கிண்ணம், மூடிய கதவு. பாட்டியும் காலைக் கீழே இறக்கி உட்காருவார். அப்புறம் இன்னொரு லாபம், யாரும் வெளியே சொல்லமாட்டார்கள்: காலை ஆறு மணிக்கு வீட்டில் இரண்டு பாத்ரூமுக்கு வரிசை நிற்கும்போது உங்களுக்குத் தனியாக ஒன்று இருக்கும்.

இதற்கு என்ன விலை? பெட்ரோல் கணக்கு எளிது. 25 அடி கிளாஸ் சி வண்டி, அதாவது ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வகை, கேலனுக்கு ஏறக்குறைய 10 மைல் கொடுக்கும். போகவர 1,200 மைலுக்கு 120 கேலன். 25 மைல் கொடுக்கும் எஸ்யூவிக்கு 48 கேலன் போதும். கேலன் 3 டாலர் என்று வைத்தால் வித்தியாசம் 216 டாலர். இது தாங்கக்கூடியதுதான். கையைக் கடிப்பது வாடகைதான். விளம்பரத்தில் தெரியும் நாள் வாடகையோடு மைல் கட்டணம், ஜெனரேட்டர் ஓடிய மணிக்குக் கட்டணம், தயார்செய்யும் கட்டணம், நாய்க்கான சுத்தக் கட்டணம், பாத்திரம் படுக்கை வேண்டுமென்றால் அதற்கு ஒன்று என்று சேர்ந்துகொண்டே போகும். உங்கள் கார் இன்ஷூரன்ஸ் வாடகை ஆர்விக்குப் பெரும்பாலும் செல்லாது, அதற்குத் தனி. எல்லாவற்றையும் கூட்டிய தொகையைக் கேட்டு வாங்கி, அதை மோட்டல் செலவோடு ஒப்பிடுங்கள். வெறும் பணக் கணக்கில் ஆர்வி ஜெயிப்பது அபூர்வம்.

நாள் கணக்கும் கூடும். கார் ஒரு நாளில் தாண்டும் தூரத்துக்கு ஆர்விக்கு இரண்டு நாள் வையுங்கள். காற்றடித்தால் ஸ்டியரிங் இழுக்கும், லாரி பக்கத்தில் போனால் வண்டி ஆடும், 62 மைல் வேகத்துக்கு மேல் ஓட்ட மனசு வராது. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் திருப்பிய பிறகு ஐந்து மணிக்கே இருட்டிவிடும். புதுசாக ஆர்வி ஓட்டுபவர் இருட்டில், மரங்களுக்கு நடுவே, பின்னால் நாய்கள் குரைக்க, ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவது வேண்டாத சோதனை. பகல் மூன்று நான்கு மணிக்குள் கேம்ப்கிரவுண்டு, அதாவது ஆர்வியை நிறுத்தி இரவு தங்கும் இடம், போய்ச் சேருகிற மாதிரி 300 மைலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வடக்கே போகப் போக அக்டோபர் நடுவிலிருந்தே பல கேம்ப்கிரவுண்டுகள் மூடிவிடும், அல்லது தண்ணீர் இணைப்பை நிறுத்திவிடும். எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வழியையே போட வேண்டும்.

வழியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. ஜிபிஎஸ் உங்களை ஐ-95 நெடுஞ்சாலை வழியாகப் பால்டிமோருக்குள் இழுத்துக்கொண்டு போகும். அங்கே துறைமுகத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைகளில் புரொப்பேன் எரிவாயு சிலிண்டருக்குக் கடுமையான வரம்பு உண்டு. ஆர்வியில் இருப்பது அதைத் தாண்டும். முன்பெல்லாம் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு மாற்றுவழியாக இருந்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி இடிந்துவிட்டது. எனவே ஐ-695ன் மேற்குப் பக்கமாகச் சுற்ற வேண்டும். அதைவிட நான் ஷார்லட்டிலிருந்து ஐ-77, பிறகு ஐ-81, பிறகு ஐ-78 என்று மலையோரமாகவே போய்விடுவேன். லாரிகள் அதிகம், ஆனால் சுரங்கத் தொல்லை கிடையாது. நியூ ஜெர்சியைத் தாண்டிக் கனெக்டிகட் பக்கம் உறவு இருக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: மெரிட் பார்க்வே என்ற சாலையில் ஆர்விக்கு அனுமதி இல்லை, பாலங்கள் தாழ்வு. நியூயார்க் பார்க்வேக்களும் அப்படித்தான். கார் ஜிபிஎஸ்ஸுக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது.

இலை பார்க்கும் ஆசைக்கு வருவோம். ஐ-81 வழியில் ஷெனன்டோவா தேசியப் பூங்கா இருக்கிறது. தேசியப் பூங்காக்களில் நாயை நடைபாதையில் விடுவது அரிது. இங்கே பெரும்பாலான பாதைகளில் அனுமதி உண்டு, கயிறு 6 அடிக்குள் இருக்க வேண்டும் அவ்வளவுதான். கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் பூங்காவிலோ நாய்க்கு இரண்டே இரண்டு பாதைகள். ஸ்கைலைன் டிரைவில் மேரிஸ் ராக் சுரங்கத்தின் உயரம் 12 அடி 8 அங்குலம்; உங்கள் வண்டியின் உச்சியில் ஏசி பெட்டியையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். ஆனால் இந்த நிறமெல்லாம் அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரைதான். தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் மரங்கள் மொட்டையாக நிற்கும். அந்த வாரத்துக்கு ஆர்வி எடுப்பவர்கள் "இலை பார்க்கலாம்" என்ற காரணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். இன்னொன்று, உண்ணி குளிர்காலத்தில் இருக்காது என்பது தவறு. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் வளர்ந்த பருவம் அக்டோபர், நவம்பரில்தான் மும்முரமாக இருக்கும். நடந்துவிட்டு வந்ததும் காதுக்குப் பின், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். மான் வேட்டைக் காலமும் அதுதான். நாய்க்கு ஓர் ஆரஞ்சு மேல்சட்டை போடுங்கள், உங்களுக்கும்தான்.

வண்டிக்குள் நாய்

ஆர்வி நாய்க்குச் சுகம் என்பது வண்டி நிற்கும்போது மட்டும். ஓடும்போது கார்தான் சுகம். பின்னால் தட்டுகளும் கரண்டிகளும் அலமாரிக்குள் குலுங்கும் சத்தத்திலேயே பாதி நாய்கள் மிரளும். துண்டு வைத்து அடைத்துவிட்டுக் கிளம்புங்கள். அவிழ்த்துவிடவே கூடாது. பிரேக் போட்டால் 50 பவுண்டு நாய் முன்னால் பறந்து வரும். கூண்டைப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள், அல்லது சீட் பெல்ட் பக்கிளில் மாட்டும் ஹார்னஸ் போடுங்கள்.

யாரும் எதிர்பார்க்காத தகராறு படியில் வரும். மடித்து இழுக்கும் அந்த இரும்புப் படி வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். கீழே தரை தெரிவதால் பல நாய்கள் முன்னங்காலை வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடும். மழையில் நீங்கள் தூக்கி ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். படியைச் சுற்றி இறுக்கிக் கட்டும் கார்ப்பெட் உறை மலிவாகக் கிடைக்கிறது. ஒரு பழைய மிதியடியும் கயிறும் இருந்தாலும் போதும். வாடகைக்கு எடுக்கும் நாளன்றே நாயையும் கூட்டிப்போய் நாலு முறை ஏற்றி இறக்கிப் பார்ப்பது நல்லது.

எந்த ஆர்வி என்று கேட்டால், இருவருக்கும் இரு நாய்க்கும் 25 அடி கிளாஸ் சி போதும். கிளாஸ் பி என்கிற வேன் ஓட்டுவதற்குச் சுலபம், சாதாரண டிரைவ்வேயில் அடங்கும், கேலனுக்கு மைலும் கூடுதல். ஆனால் ஈரமான இரண்டு நாய்களோடு மழைநாளில் அதற்குள் இருப்பதற்குப் பொறுமை வேண்டும். சொந்தமாக பிக்கப் டிரக் இருந்தால் டிரெய்லர் நல்ல நடுவழி: நாய்கள் பழகிய வண்டியில் வரும், போன இடத்தில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.

டிரைவ்வே என்னும் பரீட்சை

முன்பணம் கட்டும் முன் அண்ணனுக்கு ஒரு வீடியோ கால் போட்டு வெளியே வரச் சொல்லுங்கள். டிரைவ்வே எவ்வளவு நீளம், சரிவு உண்டா? சரிவில் நிறுத்தினால் படுக்கை சாயும், புரொப்பேனில் ஓடும் ஃபிரிட்ஜும் சரியாக வேலை செய்யாது. மேலே மரக்கிளை, மின்கம்பி? வெளிச்சுவரில் பிளக் எங்கே? அப்புறம் முக்கியமானது, அந்தக் குடியிருப்பின் எச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், ஆர்வி நிறுத்த விடுமா, ஊர் விதி தெருவில் இரவு நிறுத்த விடுமா? அண்ணன் "அதெல்லாம் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றால் நம்பாதீர்கள். விதியைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுப் பிளக்கில் 15 ஆம்ப்தான் வரும், ஆர்வி எதிர்பார்ப்பது 30. அடாப்டர் போட்டால் விளக்கு, பேட்டரி சார்ஜ், ஃபிரிட்ஜ் ஓடும். 1,500 வாட் ஹீட்டர் ஒன்றே 12.5 ஆம்ப் இழுக்கும். அதோடு மைக்ரோவேவைப் போட்டால் பிரேக்கர் விழும். வான்கோழி அவனில் இருக்கும்போது அண்ணி வீட்டுக் கரண்டைப் பறித்த பேர் உங்களுக்கு வேண்டாம். தடிமனான எக்ஸ்டென்ஷன் ஒயர் கொண்டுபோங்கள். ராத்திரிக் குளிருக்கு வண்டியின் சொந்த புரொப்பேன் ஃபர்னஸைப் போடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று படுக்கும் முன் அழுத்திப் பாருங்கள். வெப்பநிலை 32 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும் என்றால் வெளியே இருக்கும் தண்ணீர்க் குழாயைக் கழற்றிவிட்டு, உள் தொட்டியில் நிரப்பிய தண்ணீரையே பயன்படுத்துங்கள். குளிர் ஊர்களில் சில வாடகைக்காரர்கள் நவம்பரில் குழாய்களில் உறையாத திரவத்தை ஊற்றித்தான் வண்டியைத் தருவார்கள். அப்படியானால் உள்ளே தண்ணீர் வராது, நான் மேலே புகழ்ந்த அந்தத் தனி பாத்ரூமும் கிடையாது. இதைக் கேட்காமல் பதிவு செய்யவே செய்யாதீர்கள்.

டிரைவ்வே இந்தப் பரீட்சையில் தோற்றால்? பக்கத்துக் கேம்ப்கிரவுண்டில் நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றும். அங்கே நிறுத்தினால் நாய்களை 20 மைல் தள்ளி வண்டிக்குள் பூட்டிவிட்டு நீங்கள் அண்ணன் வீட்டில் இருப்பீர்கள். கேம்ப்கிரவுண்டில் மின்சாரம் போனால் ஏசியும் நிற்கும், உங்களுக்குத் தெரியாது. வெப்பநிலையை போனுக்கு அனுப்பும் கருவி உண்டு என்றாலும், தனியாகக் குரைக்கும் நாயைக் கேம்ப்கிரவுண்டும் பொறுத்துக்கொள்ளாது. கையில் வேறு வண்டியும் இருக்காது. அந்த நிலையில் ஆர்வி மோட்டலின் அதே குறையை இரு மடங்கு செலவில் தருகிறது. அதற்குப் போர்டிங்கே மேல்.

ஆக நான் பிரிப்பது இப்படி. மூன்று நாளுக்குள் திரும்புவதென்றால் ஆர்வி வேண்டாம். வீட்டாருக்கு நாய் பழக்கமென்றால் கார், இல்லையென்றால் போர்டிங். ஐந்து நாளுக்கு மேல், டிரைவ்வே சரி, வீட்டுக்குள் நாய்க்கு இடம் கஷ்டம் என்ற மூன்றும் சேர்ந்தால் கூடுதல் செலவைப் பார்க்காமல் ஆர்வி எடுங்கள். நான்கு நாள் என்பது இழுபறி. அதில் நாயின் குணம்தான் தீர்ப்பு சொல்லும்: காரில் நிம்மதியாகத் தூங்கி, புது வீட்டில் பதறுகிற நாய்க்கு ஆர்வி பலன் தரும். வண்டிச் சத்தத்துக்கே எச்சில் ஒழுக நடுங்கும் நாயை ஆர்வியில் ஏற்றிப் பயனில்லை.

கிளம்பும் நாளை மட்டும் கவனமாகக் குறியுங்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின புதனும் பிந்தின ஞாயிறும் ஐ-81 உட்பட எல்லா நெடுஞ்சாலையும் நெரியும். திங்கள் அல்லது செவ்வாய் கிளம்பி, சனி காலையில் திரும்புங்கள். வண்டியை ஒப்படைக்கும் நேரம் பெரும்பாலும் காலையில்தான் இருக்கும். அதற்குள் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். பைலட், ஃபிளையிங் ஜே நிலையங்கள் பலவற்றில் கட்டணம் கட்டி அதைச் செய்யலாம், அண்ணன் வீட்டுச் சாக்கடை மூடியைத் திறக்காதீர்கள். புரொப்பேனையும் பெட்ரோலையும் நிரப்ப வேண்டும். அதற்கெல்லாம் மேலே, சோபா மெத்தையின் தையல் ஓரங்களில் ஒட்டியிருக்கும் நாய்முடி. வாக்குவம் எடுக்காத முடியை ரப்பர் கையுறையை லேசாக ஈரப்படுத்தித் தேய்த்தால் உருண்டு வரும். இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால்தான் அந்தச் சுத்தக் கட்டணம் இன்னொரு மடங்கு ஆகாமல் தப்பிக்கலாம்.